மகளுக்கு 21 வயது, காலையில் எழுப்பிவிடுவது இன்னும் நான்தான்

வந்த கேள்வி இது: "என் மகளுக்கு 21 வயது. வேறு ஊரில் விடுதியில் தங்கிக் கடைசி ஆண்டு படிக்கிறாள். தினமும் காலையில் போன் செய்து எழுப்புவது நான். கல்லூரி இணையதளத்தின் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது; வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாவற்றையும் அவளுக்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன். ஆசிரியர்களுக்கு அவள் பெயரில் மெயில் எழுதுவதும் நான்தான். இப்போது எந்தச் சட்டை போடுவது என்பதற்குக்கூட படம் எடுத்து அனுப்பிக் கேட்கிறாள். தேர்வு வந்தால் அழுகிறாள். எனக்கும் தூக்கம் போய்விட்டது. அடுத்த வாரம் அவளுக்குப் பயிற்சி வேலைக்கான இன்டர்வியூ. தேதியை மாற்றித் தரச் சொல்லி அந்த அலுவலகத்தில் நான் பேச வேண்டுமாம். என் கணவர் 'விடு, பழகட்டும்' என்கிறார். விட்டால் விழுந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. நான் செய்வது அவளுக்குக் கெடுதலா?"

முதலில் அந்த போன் விஷயம். நீங்கள் பேச வேண்டாம். ஏன், அதற்குப் பதிலாக என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் உள்ளதைப் படிக்காமல் அதை மட்டும் செய்தால் இரண்டு நாள் விடுவீர்கள், மூன்றாம் நாள் மறுபடி பிடித்துக்கொள்வீர்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்தவன் நான். உங்கள் மகளைப் போன்றவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன். உங்களைப் போன்ற பெற்றோரின் குரலை அதைவிட நிறையக் கேட்டிருக்கிறேன். "நான் பேசினேன் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றுதான் பாதி அழைப்புகள் தொடங்கும்.

இப்படி வளர்ப்பதற்கு 'ஹெலிகாப்டர் வளர்ப்பு' என்று ஒரு பெயர் உண்டு. 1969-இல் ஹைம் கினாட் என்ற உளவியலாளர் பதின்வயதினரைப் பற்றி எழுதிய நூலில், அம்மா ஹெலிகாப்டர் மாதிரி தலைக்கு மேலேயே வட்டமிடுகிறாள் என்று ஒரு பிள்ளை அலுத்துக்கொள்கிறது. 1990-இல் ஃபாஸ்டர் க்ளைன், ஜிம் ஃபே இருவரும் அதைப் பெற்றோருக்கான பட்டப்பெயராகவே ஆக்கிவிட்டார்கள். எனக்கு இந்தப் பெயர் பிடிப்பதில்லை. அதில் கேலி தெரிகிறது, மேலே வட்டமிடுகிறவரின் பயம் தெரிவதில்லை.

பயத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் ஆறுதலாக ஒன்று. 2012-இல் அமெரிக்காவில் லாரா பாடில்லா-வாக்கர், லாரி நெல்சன் என்ற இருவர் 438 கல்லூரி மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்தார்கள். பிள்ளைக்காக எல்லாவற்றையும் முடிவு செய்யும் பெற்றோரும், மிரட்டியும் குற்ற உணர்ச்சியைத் தூண்டியும் பிள்ளையை அடக்கும் பெற்றோரும் ஒரே ரகம்தானா என்பது கேள்வி. இல்லை என்று வந்தது. ஹெலிகாப்டர் பெற்றோரிடம் பாசமும் ஈடுபாடும் நன்றாகவே இருந்தன. குறைந்திருந்தது ஒன்றுதான்: பிள்ளையைத் தன் போக்கில் முடிவெடுக்க விடுவது. அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஈடுபாடும் குறைவாக இருந்தது. மதிப்பெண்ணுக்காகத்தானே நீங்கள் அந்த பாஸ்வேர்டை வைத்திருக்கிறீர்கள்? அதனால் இந்தக் கடைசி முடிவைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

சரி, அன்பாகத்தானே செய்கிறோம், அதில் எப்படிக் கெடுதல் வரும்? எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதற்கு ஒரு சட்டகம் தருகிறார்கள். மனிதன் நன்றாக இருக்க மூன்று வேண்டும்: செய்வது என் விருப்பப்படி நடக்கிறது என்ற உணர்வு, என்னால் முடியும் என்ற உணர்வு, எனக்கு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. மூன்றாவதை நீங்கள் அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கொடுக்கும் வழியிலேயே முதல் இரண்டும் கரைந்துபோகின்றன. ஹாலி ஷிஃப்ரின் குழுவினர் 297 மாணவர்களிடம் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. பெற்றோர் அதிகம் கட்டுப்படுத்துவதாகச் சொன்ன மாணவர்களிடம் மனச்சோர்வு கூடுதல், வாழ்க்கை மீதான திருப்தி குறைவு. அந்தத் தொடர்பின் பெரும்பகுதி, முதல் இரண்டு உணர்வுகளும் அடிபடுவதன் வழியாகவே வந்தது.

'என்னால் முடியும்' என்பது வாயால் சொல்லி ஏற்றக்கூடியது இல்லை. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-லேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்: தன்னம்பிக்கை வருகிற வழிகளிலேயே வலுவானது, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம். பிறர் ஊக்கமாகச் சொல்லும் வார்த்தை அதன் பக்கத்தில் மெலிந்தது. "உன்னால் முடியும் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே ஆசிரியருக்கு மெயிலை நீங்கள் அடித்தால் அவளுக்கு எது கேட்கும்? வார்த்தை ஒன்று சொல்கிறது, கை வேறொன்று சொல்கிறது. பிள்ளைகள் கையைத்தான் நம்புவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு கிளைக்கதை உண்டு. 1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் இருவரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை பிரபலமானது. என்ன செய்தாலும் மின் அதிர்ச்சி நிற்காது என்று அனுபவப்பட்ட நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் பல நேரம் அப்படியே படுத்துக்கிடந்தன. கையாலாகாத்தனத்தைக் கற்றுக்கொண்டுவிட்டன என்று அவர்கள் விளக்கினார்கள். கிட்டத்தட்ட 50 வருடம் கழித்து, 2016-இல், மூளை ஆய்வுகளின் துணையோடு அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக மாற்றினார்கள். தொடர்ந்து துன்பம் வந்தால் செயலற்றுப்போவது இயல்பாகவே உள்ளது, அதைக் கற்கத் தேவையில்லை. நாம் செய்வதால் ஒன்று மாறுகிறது என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள். தங்களுடைய புகழ்பெற்ற கோட்பாட்டைத் தாங்களே திருத்தும் நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் வீட்டு விஷயத்துக்கு அதை நான் பொருத்திப் பார்ப்பது இப்படி: உங்கள் மகளிடம் யாரும் எதையும் கெடுத்துவிடவில்லை. 'நான் செய்தேன், அதனால் மாறியது' என்ற பாடம் போதிய தடவை நடக்கவில்லை, அவ்வளவே. நடக்காத பாடத்தை 21 வயதிலும் நடத்தலாம்.

சட்டைப் படம் அனுப்புவதற்கு வருகிறேன். அதைச் செல்லம் என்று நினைத்து ரசித்திருப்பீர்கள், தப்பில்லை. ஆனால் அங்கே நடப்பதைக் கவனியுங்கள். அவளுக்கு ஒரு சின்னத் தயக்கம் வருகிறது, படம் அனுப்புகிறாள், நீங்கள் 'நீலம்' என்கிறீர்கள், தயக்கம் உடனே அடங்குகிறது. அடங்கியது நீலச் சட்டையால் இல்லை, உங்கள் பதிலால். அடுத்த முறை தயக்கம் வந்தால் மனம் நேராக உங்களிடம்தான் ஓடும். உங்களுக்கும் அதே கதைதான். பயம் வருகிறது, கல்லூரித் தளத்தைத் திறக்கிறீர்கள், வருகைப் பதிவு சரியாக இருக்கிறது, 'அப்பாடா'. அந்த 'அப்பாடா' எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று ஒரு நாள் கணக்குப் பார்த்திருக்கிறீர்களா?

பதற்றத்துக்குச் சிகிச்சை செய்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். பிள்ளையின் பயத்துக்கு வீட்டார் வளைந்து வளைந்து கொடுத்தால் பயம் அப்போதைக்கு அடங்கும், அப்புறம் பெருகும். யேல் பல்கலைக்கழகத்தில் ஈலை லெபோவிட்ஸ் இதை வைத்தே ஒரு சிகிச்சைமுறையை உருவாக்கினார். அதில் பிள்ளை வரவே தேவையில்லை. பெற்றோருக்கு மட்டும்தான் பயிற்சி. வளைந்துகொடுப்பதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், கூடவே 'உனக்குக் கஷ்டம்தான், உன்னால் தாங்க முடியும்' என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். பதற்றக் கோளாறு உள்ள 124 பிள்ளைகளின் குடும்பங்களில் செய்து 2020-இல் வெளியான சோதனையில், பிள்ளைகளுக்கு நேரடியாகக் கொடுத்த சிகிச்சைக்கு இது சளைக்கவில்லை. அவர்கள் 7 முதல் 14 வயதுக்காரர்கள், உங்கள் மகள் பெரியவள். ஆனாலும் நடக்கும் விதம் ஒன்றுதான் என்பது என் அனுபவம்.

இவ்வளவையும் படித்துவிட்டு 'ஐயோ, நானே கெடுத்துவிட்டேனே' என்று இன்றைய தூக்கத்தையும் விடாதீர்கள். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரு நாள் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டவை. 2022-இல் நார்வே ஆய்வாளர்கள் இருவர், பதற்றம், மனச்சோர்வு இரண்டுக்கும் இந்த வளர்ப்புமுறைக்கும் உள்ள தொடர்பைப் பார்த்த 38 ஆய்வுகளைத் திரட்டினார்கள். பெரும்பான்மையில் தொடர்பு இருந்தது. எது முதலில் வந்தது என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. பயந்த சுபாவமுள்ள பிள்ளையை எந்தத் தாயும் கூடுதலாகத்தான் தாங்குவாள். காலவரிசைப்படி பின்தொடர்ந்த ஆய்வுகள் கொஞ்சம்தான். நிக்கோல் பெர்ரி குழுவினர் 422 குழந்தைகளை 2, 5, 10 வயதுகளில் பார்த்து 2018-இல் வெளியிட்டது அதில் ஒன்று. 2 வயதில் தாய் அதிகமாகக் கட்டுப்படுத்திய குழந்தைகளுக்கு, 5 வயதில் தன் உணர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்ளும் திறன் குறைவாக இருந்தது. ஆனால் அது 2 வயதுக் குழந்தையின் விஷயம். உங்கள் வீட்டில் எது முதல், எது பின் என்று தோண்டுவதில் பயனில்லை. அவள் பயம் உங்களை இழுக்கிறது, உங்கள் உதவி அவள் பயத்தை வளர்க்கிறது. சக்கரம் எங்கே தொடங்கியிருந்தாலும் நிறுத்த இரண்டு பேரில் ஒருவர் போதும். இதில் முதலில் கையை எடுக்கக்கூடியவர் நீங்கள்தான்.

இப்போது உங்கள் கணவருக்கு. 'விடு, பழகட்டும்' என்பது கேட்க எளிது. அதுவும் பாதிதான் சரி. கேரன் ஃபிங்கர்மன் குழுவினர் 2012-இல் வளர்ந்த பிள்ளைகளையும் நடுவயதுப் பெற்றோரையும் விசாரித்தபோது எதிர்பாராத ஒன்று வந்தது. பெற்றோரிடமிருந்து தீவிரமான ஆதரவு அடிக்கடி கிடைத்த பிள்ளைகள், அது கிடைக்காதவர்களைவிட மனதளவில் நன்றாகவும் வாழ்க்கையில் திருப்தியாகவும் இருந்தார்கள். அதே நெல்சன், பாடில்லா-வாக்கர் ஆகியோரின் 2015 ஆய்வில், ஹெலிகாப்டர் வளர்ப்போடு பாசக்குறைவும் சேர்ந்த இடத்தில்தான் பிள்ளையின் சுயமதிப்பு சரிந்திருந்தது. ஆகவே கையை உதறிக்கொண்டு போவது மருந்தாகாது. அதைத் தண்டனை என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள்.

ஒரு பக்கம் அதிக உதவி கெடுதல் என்கிறார்கள், இன்னொரு பக்கம் நல்லது என்கிறார்கள்; குழப்பமாக இருக்கிறதா? எனக்கும் முதலில் இருந்தது. இரண்டு ஆய்வுகளும் 'உதவி' என்று அளந்தது ஒன்றையே இல்லை. ஃபிங்கர்மன் அளந்தது பணம், அறிவுரை, ஓடியாடிச் செய்யும் ஒத்தாசை, மனம்விட்டுப் பேசக் காது. மற்றவர்கள் அளந்தது பிள்ளைக்குப் பதிலாக முடிவெடுப்பது, பிள்ளைக்குப் பதிலாகப் பேசுவது, பிள்ளையை ஓயாமல் கண்காணிப்பது. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல், பேனா யார் கையில் என்பதுதான். நீங்கள் கட்டணம் கட்டலாம், இரவு ஒரு மணி நேரம் அவள் புலம்பலைக் கேட்கலாம், கேட்டால் கருத்துச் சொல்லலாம். பேனா அவள் கையில் இருக்கும்வரை அதெல்லாம் எவ்வளவு கொடுத்தாலும் தகும்.

நானும் இதில் யோக்கியன் இல்லை. என் மகன் முதல் வேலைக்கு விண்ணப்பித்தபோது அவன் எழுதியதை 'லேசாக' திருத்தித் தருகிறேன் என்று வாங்கி முழுக்க மாற்றி எழுதிவிட்டேன். இன்டர்வியூவில் அதிலிருந்த ஒரு சொல்லைக் காட்டி இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, "அப்பா, அந்த வேலை உங்களுக்குக் கிடைத்திருக்கும்" என்றான். அதோடு நான் திருத்துவதை நிறுத்திவிட்டேன் என்று சொல்ல ஆசை. இன்னும் இரண்டு தடவை திருத்தினேன்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: தூக்கம் போய்விட்டது. எனக்கு இந்தக் கேள்வியில் அதுதான் பெரிதாகத் தெரிந்தது. அதே ஃபிங்கர்மன் ஆய்வின் மறுபாதி பெற்றோரைப் பற்றியது. வளர்ந்த பிள்ளைக்கு இவ்வளவு ஆதரவு தேவைப்படுவது அதிகப்படி என்று நினைத்த பெற்றோருக்கு வாழ்க்கைத் திருப்தி குறைவாக இருந்தது. அவருடைய இன்னொரு ஆய்வில், வளர்ந்த பிள்ளைகளில் ஒருவர் மட்டும் சிக்கலில் இருந்தால்கூட பெற்றோரின் மனநலம் குறைந்திருந்தது, மற்ற பிள்ளைகள் நன்றாக இருந்தாலும். பெற்ற மனம் அப்படித்தான். ஆனால் பிள்ளையின் துன்பத்தில் வருந்துவது வேறு, பிள்ளையின் தேர்வை நீங்களே எழுதுவது போல வாழ்வது வேறு. பின்னதில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் உங்களுக்குப் போடும் மதிப்பெண் ஆகிவிடுகிறது. வெற்றி வந்தால் ஒரு நாள் நிம்மதி. தோல்வி வந்தால் அவளுடைய துக்கத்தோடு உங்களுடைய அவமானமும் சேர்ந்துகொள்கிறது. அவமானத்தோடு இருக்கும் அம்மாவிடம் எந்தப் பெண் தன் தோல்வியைச் சொல்வாள்? நாளடைவில் பிள்ளைகள் தகவல் மட்டும் கொடுத்துவிட்டு மனதை மறைத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். எல்லாம் தெரிந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் போகிறது.

கிறிஸ் செக்ரின் என்பவரும் அவருடைய குழுவினரும் 2013-இல் பெற்றோரின் பக்கத்திலிருந்து இதைப் பார்த்தார்கள். மிகையாகத் தலையிடும் பெற்றோரிடம் பதற்றமும், தங்கள் சொந்த வாழ்க்கையைப் பற்றிய வருத்தமும் கூடுதலாகக் காணப்பட்டன. படிக்க முடியாமல் போனது, விட்டுக்கொடுத்த வேலை, தவறவிட்ட ஏதோ ஒன்று. உங்களுக்கு அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். இரவு இரண்டு மணிக்குக் கல்லூரித் தளத்தைத் திறக்கும்போது நீங்களே உங்களைக் கேட்டுப் பாருங்கள்: இப்போது பயப்படுவது யாருக்காக?

செய்ய வேண்டியது என்று பார்த்தால், எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். சொல்லாமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். அவளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "இதுவரை நான் செய்தது உன்னை நம்பாததால் இல்லை, என் பயத்தால். இனிமேல் ஒவ்வொன்றாக உன்னிடம் தருகிறேன்." தவறினால் நஷ்டம் குறைவாக இருக்கும் விஷயத்திலிருந்து தொடங்குங்கள். காலையில் எழுப்புவது நல்ல தொடக்கம். அலாரம் வைத்துக்கொள்ளட்டும். இரண்டு வகுப்பு தவறும், ஆசிரியர் ஏதாவது சொல்வார், அந்தச் சொல் உங்கள் போனைவிட நன்றாக எழுப்பும். அடுத்து பாஸ்வேர்டு. மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளாமல், அவளையே மாற்றச் சொல்லுங்கள், புதியது உங்களுக்குத் தெரிய வேண்டாம். மெயிலை அவள் எழுதட்டும். காட்டினால் படியுங்கள், கை அரித்தாலும் திருத்தாதீர்கள். பிழையுள்ள மெயிலுக்கும் ஆசிரியர்கள் பதில் போடுவார்கள். சட்டைப் படம் வந்தால் 20 நிமிடம் கழித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள் ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பாள்.

முதல் சில வாரம் நிலைமை மோசமாகும். கூடுதலாகப் போன் வரும், கோபம் வரும், "உங்களுக்கு என் மேல் அக்கறையே இல்லை" என்றுகூட வரும். அதைத் தோல்வி என்று எண்ணித் திரும்பிவிட்டால், அழுதால் அம்மா திரும்புவாள் என்பதை அவள் கற்றுக்கொள்வாள். அந்த நாட்களில் செய்துகொடுப்பதைக் குறைத்து, பேச்சைக் கூட்டுங்கள். மதிப்பெண், வருகைப் பதிவு, சாப்பாடு மூன்றையும் விட்டு வேறு எதைப் பற்றியாவது பேசுங்கள். பேச விஷயமே இல்லை என்று தோன்றினால் அதுவும் ஒரு தகவல்தான்.

ஒரு முக்கியமான விலக்கு. தேர்வு நேரத்து அழுகையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது தேர்வோடு போகாமல் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்கச் சோர்வு, தூக்கமின்மை, சாப்பிடாமை, அறையை விட்டு வெளியே வராமை என்று நீடித்தால் நான் மேலே சொன்ன எதையும் பின்பற்ற வேண்டாம். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் அன்றே நேரில் போய்விடுங்கள், அவளைத் தனியாக விடாதீர்கள். அந்த இடத்தில் தலையிடுவது மிகை ஆகாது.

இப்போது அந்த இன்டர்வியூ. அலுவலகத்துக்கு அம்மா பேசினால் தேதி மாறலாம். கூடவே, அந்தப் பெண்ணைப் பற்றி அங்கே ஒரு அபிப்பிராயமும் உருவாகலாம், அது தேதியைவிடச் சிரமம். அவளிடம் இப்படிச் சொல்லுங்கள்: "நீதான் பேச வேண்டும். வேண்டுமென்றால் முதலில் என்னிடம் ஒரு முறை பேசிப் பார், நான் அந்த அலுவலகத்து ஆளாக நடிக்கிறேன்." ஒத்திகையில் நீங்கள் கொஞ்சம் கறாராகவே நடியுங்கள், 'முடியாது' என்றும் ஒரு முறை சொல்லுங்கள், அதற்குப் பிறகு என்ன சொல்வது என்பதை அவள் தேடட்டும். நிஜத்திலும் முடியாது என்றால், அதே தேதியில் போவதா, இதை விட்டு வேறு இடம் பார்ப்பதா என்பது அவள் முடிவு. எந்த நாள், எந்த நேரம் பேசப்போகிறாள் என்று கேட்காதீர்கள். தெரிந்துவிட்டால் அந்த நேரத்துக்கு, போனை வேறு அறையில் வைத்துவிட்டு, வீட்டை விட்டு ஒரு நடை போய்வாருங்கள். கணவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள், அவருக்கும் அந்த ஐந்து நிமிடம் அவர் சொல்வது போல அவ்வளவு எளிதாக இருக்காது.